பாய்ப் பின்னல் ஸ்வெட்டர்: உடலையும் கையையும் வேண்டிய நீளத்துக்குக் கூட்டவும் குறைக்கவும் வழி உண்டா?

திருநகர் அத்தை | ஆகஸ்ட் 11, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகளுக்குச் சென்ற ஆண்டு ஒரு முழுக்கை ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். நான்கு கண்ணி நிட் (வழவழப்பாகத் தெரியும் கண்ணி), நான்கு கண்ணி பர்ல் (மேடாகத் தெரியும் கண்ணி) என்று நான்கு வரிசை போட்டு, அடுத்த நான்கு வரிசையில் அதை இடம் மாற்றிப் போடும் கட்டப் பின்னல் அது. ஓலைப்பாய் முடைந்ததுபோல் மேடும் பள்ளமுமாக இருப்பதால் எங்கள் வீட்டில் அதைப் பாய்ப் பின்னல் என்றே சொல்வோம். கீழ் ரிப்பில் (இழுத்தால் விரியும் விளிம்புப் பட்டையில்) தொடங்கி, தோளை நோக்கி மேலே பின்னி முடித்திருந்தேன்.

கோடை விடுமுறைக்கு வந்தபோது அணிந்து பார்த்தாள். மார்புச் சுற்றளவு இன்னும் போதுமானதாக இருக்கிறது. ஆனால் உடல் நீளம் 5 சென்டிமீட்டர் குறைகிறது, கை மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலேயே நின்றுவிடுகிறது. அடி ரிப்பைப் பிரித்து நீளத்தைக் கூட்டலாம் என்று எண்ணி, தொடக்க முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தேன். சரசரவென்று பிரிந்து வரும் என்று பார்த்தால், ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கி நின்றது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் ஒரு வரிசை முழுமையாக வரவில்லை.

எப்படியும் இந்தக் குளிர்காலத்துக்குப் புதிதாக ஒன்று பின்னத்தான் போகிறேன். அதையாவது தேவைப்படும்போது நீளத்தை மாற்றும்படி அமைக்க வேண்டும். இதில் வேறொரு சிக்கலும் உண்டு. வளரும் பிள்ளை என்பதால் இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும் என்கிறார் அண்ணி. இடுப்போடு நிற்க வேண்டும், நீளமாக இருந்தால் போடவே மாட்டேன் என்கிறாள் அவள்.

இணையத்தில் பிடித்த ஒரு பேட்டர்னில் 8ஆம் எண் ஊசியும் 176 கண்ணிகளும் குறிப்பிட்டிருந்தார்கள். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் 8ஆம் எண் ஊசியே வாங்கி மாதிரித் துண்டு போட்டேன். பேட்டர்ன்படி 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வர வேண்டும். எனக்கு 23 வருகிறது. என் கை இறுக்கமா, நூல் மாறிவிட்டதா என்று புரியவில்லை.

---

ஒட்டன்சத்திரம் டீச்சர் | ஆகஸ்ட் 12, காலை 6.15

திருநகர் அத்தைக்கு வணக்கம். முதலில் பழைய ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்கிறேன். பின்னல் என்பது முடித்த பக்கத்திலிருந்து இழுத்தால்தான் ஓடி வரும். தொடங்கிய பக்கத்திலிருந்து இழுத்தால் வராது. நிட்டும் பர்லும் கலந்த துணியில் நூல் முன்னும் பின்னுமாக நுழைந்து வந்திருப்பதால் இன்னும் மோசம். நூலின் நுனியை ஊசியில் கோத்து ஒவ்வொரு கண்ணியாக வெளியே எடுக்க வேண்டியதுதான். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தையலும் பின்னலும் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது இந்த மல்லுக்கட்டில் அழுதிருக்கும்.

செய்ய வேண்டியது வேறு. ரிப்புக்குச் சற்று மேலே ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேல் வரிசையின் கண்ணிகளை எல்லாம் மெல்லிய ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு தேர்ந்தெடுத்த வரிசையில் ஒரே ஒரு கண்ணியை நடுவில் வெட்டி, அந்த ஒரு வரிசை நூலை மட்டும் இரு பக்கமும் உருவி எடுங்கள். அடிப்பகுதி தனியாகக் கழன்று விழும். ஊசியில் இருக்கும் கண்ணிகளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னிக்கொண்டே போகலாம்.

ஆனால் பாய்ப் பின்னலில் ஒரு குறை தெரியும். மேல்நோக்கிப் பின்னிய துணியைத் தலைகீழாகப் பிடிக்கும்போது, இரண்டு கண்ணிகளுக்கு இடையே இருந்த வளைவுதான் ஊசியில் ஏறுகிறது. அதனால் புதிய கண்ணிகள் பழைய கண்ணிகளுக்கு நேர் கீழே நிற்காமல் அரைக் கண்ணி விலகி நிற்கும். வெற்று நிட் துணியில் இது கண்ணுக்கே தெரியாது. கட்டங்களின் செங்குத்துக் கோடு இருக்கும் இடத்திலோ, சுவரில் செங்கல் விலகியதுபோல் தெரியும். அதை மறைக்க, சேரும் இடத்தில் இரண்டு வரிசை பர்ல் போட்டு ஒரு மேட்டுக்கோடு வரவழைத்துவிட்டு, அதற்குக் கீழே புதிதாகக் கட்டங்களைத் தொடங்குங்கள். வேண்டுமென்றே வைத்த கரை என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

---

வைகைக்கரை | ஆகஸ்ட் 12, காலை 8.05

அம்மா, உங்கள் கையிலும் குறையில்லை, நூலிலும் குறையில்லை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலானவை பழைய பிரிட்டிஷ் எண் முறையைப் பின்பற்றுகின்றன; அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். உங்கள் பேட்டர்ன் சொல்வது அமெரிக்க முறை; அது நேர்மாறு. எண் கூடக் கூட ஊசி தடிக்கும். அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீட்டர். நம் கடையின் 8 என்பது 4 மில்லிமீட்டர். வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய 8 நமக்கு 6. நம்முடைய 8 அவர்களுக்கு 6. எனவே எண்ணைச் சொல்லி ஊசி வாங்குவதைவிட, மில்லிமீட்டர் அளவைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

மாதிரித் துண்டு போட்டுப் பார்த்ததால் பிழைத்தீர்கள். 10 சென்டிமீட்டருக்கு 23 கண்ணி என்ற கணக்கில் 176 கண்ணிகள் ஏறக்குறைய 76 சென்டிமீட்டர்தான் வரும். 20 கண்ணி என்றால் 88 வரும். பிள்ளையின் மார்பளவு எவ்வளவு என்று சொல்லுங்கள்.

---

திருநகர் அத்தை | ஆகஸ்ட் 12, பகல் 1.30

டீச்சருக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. மார்பளவு சரியாக 76 சென்டிமீட்டர். அந்த 4 மில்லிமீட்டர் ஊசியிலேயே பின்னி முடித்திருந்தால் உடம்போடு ஒட்டிய உறைபோல் ஆகியிருக்கும்.

புதியதைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கி, வட்ட ஊசியில் தையலே இல்லாமல் பின்னலாமா என்று யோசிக்கிறேன். அப்படிச் செய்தால் முடித்த பக்கம் அடியிலும் மணிக்கட்டிலும் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்து நீட்டலாம், அரைக் கண்ணி விலகலும் வராது. இதில் நான் கவனிக்காத குறை ஏதேனும் உண்டா?

---

ஒட்டன்சத்திரம் டீச்சர் | ஆகஸ்ட் 12, மாலை 5.50

உண்டு, சொல்கிறேன், பழைய காலத்து மனுஷி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். முன், பின், இரண்டு கை என்று நான்கு துண்டுகளாகப் பின்னித் தைக்கும் முறையில், தோள் தையலும் பக்கத் தையலும் ஸ்வெட்டருக்கு எலும்புபோல. தையல் நீளாது, அதனால் துணியும் நீளாது. தையலே இல்லாத ஸ்வெட்டரில் மொத்த எடையும் கழுத்தைச் சுற்றியிருக்கும் கண்ணிகளில் தொங்குகிறது. பாய்ப் பின்னல் கனமான துணி. ஆறு மாதத்தில் கழுத்து அகன்று, தோள் சரிந்து, நீங்கள் கணக்குப் போட்டு வைத்த நீளம் தானாகவே இரண்டு விரல் கூடியிருக்கும்.

---

நாயுடுபுரம் மழை | ஆகஸ்ட் 12, இரவு 8.20

டீச்சர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மாற்று உண்டு. கீழ்நோக்கிப் பின்னி முடித்த பிறகு, பின் கழுத்தின் உட்புறத்தில் குரோஷா ஊசியால் ஒரு வரிசை இறுக்கமான சங்கிலி போட்டுவிட்டால், அந்த இடம் அகலாது. பத்து நிமிட வேலை. எனக்கு நான்கு ஆண்டுகளாக நிற்கிறது.

நான் இங்கே கொடைக்கானலிலேயே இருப்பதால் நூலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2,100 மீட்டர் உயரத்தில் குளிரைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. மதுரையில் மொட்டை மாடியில் நிழலில் விரித்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் துணி, இங்கே நவம்பரில் மூன்று நாளானாலும் மடிப்புகளில் ஈரமாகவே இருக்கும். அதனால் பருத்தி வேண்டாம். அசல் கம்பளி நல்லதுதான். ஆனால் விடுதியில் யார் அதைப் பக்குவமாகத் துவைப்பார்கள்? வாளியில் முக்கி, கசக்கி, முறுக்கிப் பிழிந்தால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். லூதியானா ஆலைகளிலிருந்து வரும் அக்ரிலிக் உல்லனோ, அக்ரிலிக்கும் கம்பளியும் கலந்ததோதான் விடுதிப் பிள்ளைக்குத் தாங்கும்.

அக்ரிலிக்கில் ஒரே எச்சரிக்கை: இஸ்திரிப் பெட்டி அதன் பக்கமே போகக் கூடாது. சூடு பட்டால் இழை இளகி, மேடும் பள்ளமுமாக இருந்த கட்டங்கள் அப்பளம்போல் தட்டையாகிவிடும்; மீண்டும் எழவே எழாது.

---

சுங்குடிக்காரி | ஆகஸ்ட் 13, காலை 10.10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், அக்கா. மார்கழி விடியலில் கோலம் போடப் போகும்போது அணிவதற்காக, மதுரைக் குளிருக்கு ஏற்றபடி பருத்தி நூலில் இதே பின்னலில் ஒன்று எனக்கே பின்னிக்கொண்டேன். அதில் பட்ட அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மாதிரித் துண்டை மேசைமேல் வைத்து அளந்தேன்; 10 சென்டிமீட்டருக்கு 30 வரிசை என்று கணக்கு வந்தது. அதை நம்பி, அக்குளிலிருந்து அடிவரை 36 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பின்னினேன். போட்டுக்கொண்டு அரை நாள் வீட்டு வேலை செய்த பிறகு அளந்தால் 40 இருந்தது. பருத்திக்கு மீளும் தன்மை கிடையாது, நீண்டால் நீண்டதுதான். இப்போதெல்லாம் மாதிரித் துண்டை நனைத்து உலர்த்தி, மேல் விளிம்பைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டி, கீழ் விளிம்பில் நான்கைந்து கிளிப்புகளை எடையாகத் தொங்கவிட்டு, ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் அளக்கிறேன். அந்த அளவைத்தான் நீளத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

---

வைகைக்கரை | ஆகஸ்ட் 13, இரவு 9.00

சுங்குடிக்காரி சொன்னது முக்கியமானது, தங்கச்சி. அகலத்தைக் கண்ணி தீர்மானிக்கிறது; நீளத்தைச் சுற்றுகள் தீர்மானிக்கின்றன. பலரும் கண்ணியை மட்டும் எண்ணிவிட்டுச் சுற்றுகளை எண்ணாமல் விடுகிறார்கள். மேடு பள்ளம் உள்ள பின்னலில், வெற்று நிட்டுக்குப் போட்ட கணக்கு செல்லாது. பின்னப்போகும் அதே பின்னலில்தான் மாதிரித் துண்டு போட வேண்டும்.

நூற்பாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் என்பதால், பொழுது போகாமல் உங்கள் ஸ்வெட்டரை முழுவதும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மார்பு 76, தளர்வு 12, மொத்தம் 88 சென்டிமீட்டர். 5 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணியும் 30 சுற்றும் வருமானால் 176 கண்ணி. உங்கள் கட்டத்துக்கு 8 கண்ணி ஒரு ஜோடி. 176 சரியாக 22 ஜோடி. மற்ற அளவுகளுக்கு எலிசபெத் ஸிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியையின் விகிதக் கணக்கைப் பயன்படுத்தினேன். 1910இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். உடல் சுற்றளவின் கண்ணி எண்ணிக்கையை 100 என்று வைத்துக்கொண்டால், கழுத்து ஏறத்தாழ 40, மேல்கை 35, மணிக்கட்டு 20 முதல் 25, அக்குளுக்கு 8 என்பது அவர் வழி.

அதன்படி கழுத்தில் 72 கண்ணி ஏற்றுங்கள்: முன்னுக்கு 30, பின்னுக்கு 30, ஒவ்வொரு கைக்கும் 6. இந்த நான்கு பகுதிகளும் சந்திக்கும் நான்கு மூலைகளில், மூலைக்கு இருபுறமும் ஒவ்வொரு கண்ணியாகக் கூட்டினால், ஒரு முறைக்கு 8 கண்ணி கூடும். 22 முறை கூட்டினால் முன்னும் பின்னும் 74, கை 50 ஆகிவிடும். அக்குளில் புதிதாக 14 கண்ணி ஏற்றினால் உடல் 176, கை 64. இரண்டும் எட்டால் வகுபடும். கட்டம் எங்கும் உடையாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எல்லாரும் செய்வதுபோல் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டிக்கொண்டே போனால் 44 சுற்றில், அதாவது 14.7 சென்டிமீட்டரிலேயே தோள்பகுதி முடிந்துவிடும். பிள்ளைக்கு அக்குளில் பிடிக்கும். முதல் 16 முறை இரண்டு சுற்றுக்கு ஒன்றாகவும், கடைசி 6 முறை நான்கு சுற்றுக்கு ஒன்றாகவும் கூட்டுங்கள். 56 சுற்று ஆகும், 18.7 சென்டிமீட்டர் கிடைக்கும். தோளின் நீளத்தையும் இப்படித்தான் மாற்ற வேண்டும். கண்ணி எண்ணிக்கையைத் தொடக் கூடாது.

---

திருநகர் அத்தை | ஆகஸ்ட் 14, காலை 11.25

ஐயா, இதை அப்படியே எழுதி ஊசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். உடல் நீளத்தை எந்த இடத்தில் நிறுத்தினாலும் சரியாக இருக்குமா?

---

வைகைக்கரை | ஆகஸ்ட் 14, பகல் 12.10

இருக்காது. ஒரு ஜோடிக் கட்டம் 8 சுற்று. அதன் உயரம் 2.7 சென்டிமீட்டர். பாதிக் கட்டத்தில் நிறுத்தி ரிப் தொடங்கினால் பல் விழுந்ததுபோல் இருக்கும். ஆகவே உங்களால் 2.7 சென்டிமீட்டர் படிகளில்தான் ஏறி இறங்க முடியும். நடுவில் ஓர் அளவு வேண்டுமென்றால் அதை ரிப்பில் சரிக்கட்டுங்கள். 5 சென்டிமீட்டர் ரிப்பை 4 ஆகவோ 6 ஆகவோ ஆக்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பழைய ஸ்வெட்டருக்கு 5 சென்டிமீட்டர் வேண்டும் என்றீர்கள். அதற்கு இரண்டு ஜோடி போட்டால் 5.3 வந்துவிடும்.

---

நாயுடுபுரம் மழை | ஆகஸ்ட் 14, இரவு 9.35

இந்த இடத்தில் ஒரு மாறுபட்ட கருத்தை வைக்கிறேன். பிரிட்டன் கடலோர மீனவர்கள் அணிந்த கேன்ஸி என்ற ஸ்வெட்டரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நிட்டையும் பர்லையும் மட்டும் வைத்தே அத்தனை அழகான கட்டங்களும் ஏணிகளும் சாய்சதுரங்களும் போட்டிருப்பார்கள். அந்த வேலைப்பாடு பெரும்பாலும் மார்பிலும் மேல்கையிலும்தான் இருக்கும். வயிற்றுப் பகுதியும் முன்கையும் வெறும் நிட். கையைத் தோளில் கண்ணி எடுத்து மணிக்கட்டை நோக்கிக் கீழே பின்னுவார்கள். கயிறு இழுத்து, உப்பு நீரில் நனைந்து, முதலில் தேய்ந்து போவது மணிக்கட்டும் முழங்கையும்தான் என்பதால், அந்தப் பகுதியை மட்டும் அவிழ்த்துப் புதிய நூலால் பின்னிக்கொள்ள அது வசதி.

அவர்கள் தேய்மானத்துக்காகச் செய்ததை நீங்கள் வளர்த்திக்காகச் செய்யலாம். எந்த இடத்தில் நீளத்தை மாற்றப் போகிறீர்களோ, அந்த இடத்தை வெற்றுப் பின்னலாக விட்டுவிடுங்கள். 2.7 படி என்ற தொல்லையும் அங்கே இருக்காது. ஒரே ஒரு சுற்றைக்கூடக் கூட்டலாம், குறைக்கலாம்.

---

ஒட்டன்சத்திரம் டீச்சர் | ஆகஸ்ட் 15, காலை 7.00

தையலில்லாத முறையை நான் இன்னும் முழுமனதோடு ஏற்கவில்லை என்றாலும், இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கைக்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள், அத்தை. உடலில் பாதிக்கு மேல் பாய், கீழே வெற்றுத் துணி என்றால், நூல் தீர்ந்துபோனதோ என்று எவரேனும் கேட்பார்கள்.

இன்னொன்று. அடுத்த ஆண்டு நீட்டப் போகிறீர்கள் என்றால் ஒரே லாட் எண் (ஒரே முறையில் சாயம் ஏற்றிய தொகுதி) உள்ள நூலை இப்போதே 100 கிராம் கூடுதலாக வாங்கி வையுங்கள். அதைப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்தால் பயனில்லை. துவைத்துத் துவைத்து ஸ்வெட்டர் வெளுத்திருக்கும், பெட்டியில் இருந்த நூல் புதிதாக மின்னும். சேரும் இடம் பளிச்சென்று தெரியும். கூடுதல் நூலைத் தளர்வான கண்டாகச் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, ஸ்வெட்டரைத் துவைக்கும் போதெல்லாம் அதையும் சேர்த்தே துவைக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தே வயதாகட்டும்.

---

திருநகர் அத்தை | செப்டம்பர் 21, இரவு 10.15

ஒரு மாதம் கழித்து வருகிறேன். 5 மில்லிமீட்டர் வட்ட ஊசி கிடைத்தது. மாதிரித் துண்டில் 20 கண்ணி, 30 சுற்று அச்சாக வந்தது. தோள்பகுதி முடிந்து, கைக் கண்ணிகளை மஞ்சள் நூலில் கோத்து ஓரமாக விட்டுவிட்டு, உடலில் இறங்கியிருக்கிறேன்.

தோளில் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். கூட்டும் கண்ணிகளைக் கட்டத்துக்குள் சேர்ப்பது எனக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. ஒவ்வொரு மூலையிலும் கட்டம் ஒரு கண்ணி, இரண்டு கண்ணி என்று வளர்ந்து நான்கானதும் மாற வேண்டும். தொலைபேசி ஒலித்தாலே எண்ணிக்கை தவறிவிடும். மூன்று முறை பிரித்த பிறகு, தோள்பகுதி முழுவதையும் வெறும் நிட்டாகவே போட்டுவிட்டு, கட்டத்தை அக்குளிலிருந்து தொடங்கினேன். டீச்சர் சொன்ன கேள்வியை இப்போது மேலே பார்த்துக் கேட்பார்களோ என்னவோ.

கழுத்தில் ஒரு தவறு செய்தேன். 72 கண்ணியையும் இறுக்கி ஏற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனின் தலையில் போட்டுப் பார்த்தபோது காதோடு நின்றுவிட்டது. தொடக்க விளிம்பை மட்டும் பொறுமையாகப் பிரித்து எடுத்துவிட்டு, அந்தக் கண்ணிகளிலிருந்து மேல்நோக்கி ரிப் போட்டு, 6 மில்லிமீட்டர் ஊசியால் தளர்வாக அடைத்தேன். இப்போது தாராளமாக நுழைகிறது.

நூல் போதுமா என்ற கவலைக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சமையலறைத் தராசில் நூல் உருண்டையை எடை போட்டு, ஒரு ஜோடிக் கட்டம் சுற்றி முடித்த பிறகு மறுபடியும் எடை போட்டேன். 11 கிராம் குறைந்திருந்தது. இனி எத்தனை ஜோடி வேண்டுமோ, அத்தனை பதினொன்று. உடலை எங்கே நிறுத்துவது என்பதை அண்ணியும் மகளும் முடிவு செய்யட்டும் என்று, ஆயுத பூஜை விடுமுறைக்கு அவள் வரும்வரை ஊசியிலேயே வைத்திருக்கப் போகிறேன்.

---

புதுக்கம்பி | செப்டம்பர் 22, காலை 9.10

ஐந்து மாதமாகத்தான் பின்னக் கற்கிறேன், தவறாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கை மேலே 64 கண்ணி, மணிக்கட்டில் 40 கண்ணி என்றால், கையின் நீளம் மாறும்போது குறைக்கும் இடங்களும் மாறாதா?

---

வைகைக்கரை | செப்டம்பர் 22, காலை 9.50

மாறும், தம்பி, அதுதான் சரியான கேள்வி. 64இலிருந்து 40க்கு வர 24 கண்ணி குறைய வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு என்றால் 12 முறை. ரிப்பை விட்டுக் கையின் நீளம் 36 சென்டிமீட்டர் என்றால் 108 சுற்று. பன்னிரண்டால் வகுத்தால் 9. ஆகவே ஒன்பது சுற்றுக்கு ஒரு முறை. 33 சென்டிமீட்டர் என்றால் 99 சுற்று. அப்போது எட்டுச் சுற்றுக்கு ஒரு முறை என்று 96இல் முடித்து, மீதி மூன்று சுற்றைக் குறைக்காமல் பின்னிவிட வேண்டும். நீளத்தை முதலில் முடிவு செய்துவிட்டு வகுக்க வேண்டும். போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மணிக்கட்டில் கை புனல்போல் அகன்று நிற்கும்.

அத்தை அம்மாவுக்கு ஒரு சொல்: அடுத்த ஆண்டு நீட்டும்போது குறைக்க ஒன்றும் மீதியிருக்காது, 40 கண்ணியிலேயே நேராக இறங்கினால் போதும். எனவே இந்த ஆண்டு கடைசிக் குறைப்பை மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே முடித்துவிடுங்கள்.

---

சுங்குடிக்காரி | செப்டம்பர் 22, மாலை 4.40

நீளம் எடுக்கும்போது கையைத் தொங்கவிட்டு அளக்காமல், முழங்கையைச் சற்று மடக்கி அளக்கச் சொல்லுங்கள், அக்கா. எழுதும்போது மேலே ஏறிவிடும் கையால் என் தங்கை ஒரு பருவம் முழுவதும் என்னைத் திட்டினாள். அவளுக்குப் பிடித்த, சரியாகப் பொருந்தும் சட்டை ஒன்றை விரித்துப் போட்டு அளந்தால் இன்னும் நல்லது.

---

திருநகர் அத்தை | டிசம்பர் 28, இரவு 8.30

இந்த உரையாடலை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். விடுமுறைக்கு வந்தவளை, உடலின் 176 கண்ணிகளையும் நீளமான நூலில் மாற்றிக் கோத்து, கண்ணாடி முன்னால் நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். அக்குளிலிருந்து 9 ஜோடி, அதாவது 24 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. அவள் இங்கேயே நிறுத்து என்றாள். அண்ணி இன்னும் ஒரு சாண் வேண்டும் என்றார். எடை போட்டுப் பார்த்ததில், கைகளுக்கும் ரிப்புக்கும் ஒதுக்கியது போக 66 கிராம் இருந்தது. ஆறு ஜோடி போட்டால் 16 சென்டிமீட்டர் வரும், அண்ணி கேட்டதற்குக் கொஞ்சம் குறைவு. கடைசியில் மூன்று ஜோடி கூட்டி 32 சென்டிமீட்டரில் நிறுத்தி, 5 சென்டிமீட்டர் ரிப் போட்டேன். இருவருக்குமே முழுத் திருப்தி இல்லை. அதனால் நியாயமாகத்தான் இருக்கிறது என்று அண்ணன் சொன்னார்.

கையை நாயுடுபுரத்தார் சொன்னபடி முழங்கைவரை பாயும் அதற்குக் கீழே வெற்று நிட்டுமாகப் பின்னினேன். பாய்க் கட்டம் முடியும் இடத்தில் ஒரு பர்ல் மேட்டுக்கோடு வைத்ததால், அது ஒட்டுப் போட்டதுபோல் தெரியவில்லை. பின் கழுத்துக்குக் குரோஷா சங்கிலியும் போட்டாகிவிட்டது. ஒரு வாரம் போட்ட பிறகு அளந்து சொல்லச் சொன்னேன். உடல் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது, கழுத்து அப்படியே இருக்கிறது. டீச்சர் சொன்னதில் பாதி உண்மையாகிவிட்டது.

பழைய ஸ்வெட்டரையும் விடவில்லை. கண்ணியை வெட்டும்போது கை நடுங்கியது உண்மை. மேட்டுக்கோட்டுக்குக் கீழே இரண்டு ஜோடி சேர்த்தேன். நூலின் நிறம் மட்டும் சற்று அடர்த்தியாக நிற்கிறது. அதை விடுதி அறைக்குள் போடுவதற்கு வைத்துக்கொண்டாள். புதியதோடு கொடுத்தனுப்பிய கூடுதல் கண்டை ஒவ்வொரு முறையும் துவைக்கிறாளா என்று கேட்டேன். "துவைக்கிறேன் அத்தை, போன வாரம் அது மட்டும் காயவில்லை, தலையணைக்குப் பக்கத்தில் நாற்காலியில் போட்டிருக்கிறேன்" என்றாள்.

---

நாயுடுபுரம் மழை | டிசம்பர் 28, இரவு 9.05

கண்டை விரித்துக் கொடியில் மாட்டச் சொல்லுங்கள், அக்கா. ஸ்வெட்டரைத்தான் தொங்கவிடக் கூடாது. நூலைத் தொங்கவிட்டால் ஒன்றும் ஆகாது.